பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குச் சீனி போடாத கேக்

ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரியில் 27 வருடம் கேக் மாஸ்டராக இருந்தவன் நான். கிறிஸ்துமஸ் வாரத்தில் விடிய விடிய நின்று கேக்குகளுக்குப் பூப் போட்டிருக்கிறேன். க்ரீம் ரோஜாவைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுவேன், கை பிசகாது. அப்படிப்பட்டவனிடம், தங்கச்சிமடத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மகள் சொன்னாள்: "அப்பா, பாப்பாவின் பிறந்தநாள் கேக்கை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஆனால் சீனி கூடாது. கடை க்ரீம் கூடாது. கலர் கூடாது. உப்பும் வேண்டாம்."

"பிறகு கேக்கில் என்ன மிச்சம் இருக்கும், டின்தானே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் செவிலியர் சொன்னதை ஒப்பித்தாள். கைப்பேசியில் எதையோ எடுத்துப் படித்தும் காட்டினாள். 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குச் சர்க்கரையும் உப்பும் கெட்ட கொழுப்பும் மிகுந்த உணவுகள் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறதாம். என் மனைவி உள்ளே இருந்து, "நீ வளர்ந்ததெல்லாம் எதைத் தின்று?" என்று குரல் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேக்கரி கேக்கில் என்ன போகிறது என்பது அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

ஸ்பாஞ்ச் கேக்கில் மாவு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு சீனி. வெந்த பிறகு அதை அறுத்து, காய்ந்துபோகாமல் இருக்கச் சீனிப்பாகு தெளிப்போம். அதன்மேல் பூசும் க்ரீம் பெரும்பாலும் பாலில் எடுத்ததே இல்லை. பனைவகை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, அதிலும் சீனி சேர்த்தது. என் இளமையில் வனஸ்பதியைத்தான் குழைப்போம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஊரார் தின்றதில் என் பங்கும் உண்டு.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மூன்றாவது முறைதான் ஒழுங்காக வந்தது. முதல் இரண்டு தோல்விகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யும்போதும் அதே இடங்களில்தான் தடுக்கும்.

முதல் தடவை, பழைய ஸ்பாஞ்ச் கணக்கிலிருந்து சீனியை மட்டும் எடுத்துவிட்டுச் செய்தேன். வெந்து வந்தது ரப்பர் செருப்பின் அடிப்பாகம். வெளுத்துப்போய், விரலால் அமுக்கினால் திரும்ப எழும்பி, கடித்தால் பல்லோடு மல்லுக்கு நின்றது. பக்கத்து வீட்டு ஆடு மட்டும் மரியாதைக்குத் தின்றது. இத்தனை வருடம் சீனியைக் கையால் அள்ளிப் போட்டவனுக்கு அதன் வேலை இனிப்பது மட்டும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மாவிலுள்ள பசையை இறுகவிடாமல் தடுத்துக் கேக்கை மிருதுவாக்குவது சீனி. ஈரத்தைப் பிடித்து வைப்பது சீனி. அடித்த முட்டையில் காற்றுக் குமிழிகள் உடையாமல் தாங்குவதும், மேலே பொன்னிறம் ஏற்றுவதும் அதுதான். ஒரு ஆளை வேலையை விட்டு நிறுத்தினால் அவன் பார்த்த நாலு வேலைக்கும் ஆள் தேட வேண்டும் அல்லவா, அதே கதைதான். ஈரத்துக்கும் மிருதுவுக்கும் வாழைப்பழம், இனிப்புக்கும் நிறத்துக்கும் பேரீச்சம்பழம், உப்பி வருவதற்குத் தயிரும் சோடாவும் என்று ஆள் பிரித்தேன்.

இரண்டாவது தடவை கேழ்வரகு மாவை மட்டும் வைத்துச் செய்தேன். சத்துக் கணக்கில் கேழ்வரகுக்கு ஈடில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. ஆனால் கோதுமையில் இருக்கும் பசை அதில் கிடையாது. கத்தி பட்டதும் அரிச்சல்முனை மணலாக உதிர்ந்தது. போதாக்குறைக்கு நான் போட்டது முளைகட்டிய கேழ்வரகு மாவு. கூழுக்கு அது அருமையான மாவு. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் கேக்கின் நடுப்பகுதி வேகாததுபோல் பிசுபிசுத்துக் கிடந்தது. கேக்குக்குச் சாதாரணக் கேழ்வரகு மாவே போதும். அதைச் சரிபாதிக்கும் குறைவாகப் போட்டு, மீதிக்குக் கோதுமை மாவு சேர்க்க வேண்டும்.

கருப்பட்டி போடலாமே என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியின் வாசத்துக்கு நான் அடிமை, காப்பிக்கு அதுதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்த சுத்தமான சரக்கு கிடைத்தால் விடவே மாட்டேன். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். நிறமும் வாசமும் வேறு, குழந்தையின் வயிற்றுக்கு அதே இனிப்பு. நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் இதேதான் பதில். வீட்டுப் பெரியவர்களுடன் இந்த இடத்தில் ஒரு சண்டை வரும், தயாராக இருங்கள்.

தேன் வேறு சங்கதி. 12 மாதம் நிறையாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. நாவில் தொட்டு வைப்பதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சின்னக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். கேக்கில் கலந்து வேகவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடும் வீடுகளில் பிறந்தநாள் சில நாட்கள் முந்தியே வந்துவிடலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

இனி அளவு. ஆறு அங்குல வட்ட டின் ஒன்றுக்கு இது. கோதுமை மாவு 100 கிராம், கேழ்வரகு மாவு 60 கிராம். தோல் நீக்கி மசித்த வாழைப்பழம் 120 கிராம். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 50 கிராம், அதை ஊறவைக்க இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர். முட்டை இரண்டு. புளிக்காத கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. உருக்கிய நெய்யோ தேங்காய் எண்ணெயோ மூன்று மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி. ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. வெண்ணெய் போடுகிறவர்கள் உறையைப் பாருங்கள்; கடையில் சாதாரணமாகக் கிடைப்பது உப்புக் கலந்தது. நல்லெண்ணெய் வேண்டாம். நான் போட்டுப் பார்த்தேன், கேக் மிளகாய்ப்பொடி இல்லாத இட்லி மாதிரி வாசம் அடித்தது.

வாழைப்பழத்தில் பூவன்தான் சரி. தோலில் கறுப்புப் புள்ளி விழும்வரை வைத்திருந்து எடுங்கள். இனிப்போடு இலேசான புளிப்பும் அதில் உண்டு, சோடாவுக்கு அது கைகொடுக்கும். பச்சை வாழைப்பழத்தில் எனக்கு நீர் அதிகமாக விட்டது. பேரீச்சம்பழம் கீழக்கரையில் இருக்கும் பழைய சிநேகிதர் வீட்டிலிருந்து வந்தது. வளைகுடாவிலிருந்து மகன் வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு டப்பா ஒதுக்குவார். கடையில் வாங்கினால் பளபளவென்று மின்னுவதை வாங்காதீர்கள். குளுக்கோஸ் பாகு பூசியதும் உண்டு. பொருள் பட்டியலில் பேரீச்சம்பழம் என்ற ஒரு சொல் மட்டும் இருக்க வேண்டும். ஊறவைக்கக் குடிதண்ணீர் எடுங்கள். எங்கள் பக்கத்தில் பல கிணறுகள் உவர்ப்பு, உப்பு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத் தண்ணீரிலேயே ஊற்றிவிடக் கூடாது.

பேரீச்சம்பழத்தை அரைமணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு தோல் தட்டுப்படாமல் மைய அரையுங்கள். மசித்த வாழைப்பழம், தயிர், நெய், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றை அதோடு கலந்து, கேழ்வரகு மாவை மட்டும் போட்டுக் கிளறி 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்தக் காத்திருப்பை விட்டுவிடாதீர்கள். கேழ்வரகு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்பட்டால் வெந்த பிறகும் நாக்கில் நறநறக்கும், நாலு பல் முளைத்த குழந்தை துப்பிவிடும்.

அந்த நேரத்தில் அடுப்பைக் கவனிக்கலாம். ஓவன் இருந்தால் 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றினால் முடிந்தது. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கேட்டால் நம்ப மாட்டார்கள், கேக் மாஸ்டர் வீட்டில் கேஸ் அடுப்பும் பழைய பிரியாணி தேக்சாவும்தான். கனமான தேக்சாவின் அடியில் ஒரு அங்குல உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு பிரிமனையை வைத்து மூடி, நடுத்தர தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காயவிட வேண்டும். பிரிமனை என்றால் கம்பியில் செய்தது; வைக்கோல் பிரியை வைத்துவிட்டு என்னைத் தேடி வராதீர்கள். நான் முதலில் மணல்தான் போட்டேன், வீட்டுக்குப் பின்னால் கடற்கரையில் அள்ளியது. கழுவவில்லை. சூடேற ஏற வீடு முழுக்கக் கருவாட்டு வாசம், கேக்கிலும் ஏறிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் ஒரு துண்டு தின்றுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது மாமா, கொஞ்சம் குழம்பு ஊற்றினால் சரியாகிவிடும்" என்றார். அதற்குப் பிறகு வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்புதான். சூட்டில் படபடவென்று பொரிந்து உங்களைப் பயமுறுத்தும், ஒன்றும் ஆகாது. அந்த உப்பை ஒரு டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு எடுக்க வேண்டாம். உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் பழைய பாத்திரமாகப் பாருங்கள். குக்கரில் வைப்பதென்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

டின்னுக்கு நெய் தடவி அடியில் பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக வையுங்கள். கோதுமை மாவையும் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். முட்டையின் வெள்ளைக் கருவை ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாத பாத்திரத்தில் தனியாக அடிக்க வேண்டும். சீனி சேர்த்து அடிக்கும் வெள்ளைக்கரு பத்து நிமிடம் தாமதித்தாலும் உங்களை மன்னிக்கும். சீனி இல்லாதது மன்னிக்காது. கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து தொங்கும் பக்குவத்தில் நிறுத்திவிடுங்கள். விறைத்து நிற்கும்வரை அடித்தால் திப்பி திப்பியாகப் பிரிந்து நீர் விடும். எங்கள் வீட்டில் இதை அடித்தவர் மாப்பிள்ளை. விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பாப்பாவின் பிறந்தநாள் மே மாதம். வலை இழுத்த கைக்கு இரண்டு முட்டை எந்த மூலைக்கு? "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்வதற்குத்தான் நான் பக்கத்தில் நின்றேன்.

ஊறிய கலவையில் சலித்த மாவைப் போட்டு, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். சீனி இல்லாத இடத்தில் கோதுமைப் பசைக்குத் துளிர்விட்டுப்போகும், கிளறக் கிளற இறுகும். பிறகு வெள்ளைக் கருவை மூன்று பங்காகச் சேருங்கள். அடியிலிருந்து மேலே புரட்டிப் போடுவதுபோல, நுரை அடங்காமல். உடனே டின்னில் ஊற்றிச் சூட்டில் வைத்துவிட வேண்டும். சோடா தயிரைச் சந்தித்த பிறகு காத்திருக்காது.

ஓவனில் 30 முதல் 35 நிமிடம். தேக்சாவில் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. தென்னை ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். முட்டை போட்டது, குழந்தை தின்பது. சந்தேகம் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கேழ்வரகும் பேரீச்சையும் முதலிலேயே பழுப்பு. பேக்கரி கேக்கின் உயரம் வராது, மேலே லேசாக வெடிக்கும். முழுக்க ஆறிய பிறகே அறுங்கள்.

மேல் பூச்சுக்கு அரை கிலோ தயிரை மெல்லிய துணியில் கட்டி, அடியில் கிண்ணம் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே ஐந்தாறு மணி நேரம் வடிய விடுங்கள். மே மாதத்துக் கச்சான் காற்றை நம்பி வெளியே கொடியில் தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். வடிந்ததோடு அரைத்த பேரீச்சம்பழம் ஒரு கரண்டி சேர்த்துக் கடைந்தால் வெண்ணெய்போல் பூசலாம். ரோஜா போட முடியாது. நான் முயன்றேன், மூன்றாவது இதழ் வைக்கும்போது முதல் இதழ் உட்கார்ந்துவிட்டது. கரண்டியின் பின்பக்கத்தால் அலை அலையாக இழுத்துவிடுங்கள், கடல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு அரைமணி முன்னால் பூசினால் போதும்.

இளஞ்சிவப்பு வேண்டுமா? பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி, தயிர்ப் பூச்சில் கலந்தால் நிறம் அப்படியே நிற்கும். மாவில் கலக்காதீர்கள். சோடாவும் சூடும் சேர்ந்து அதைச் சேற்று நிறமாக்கிவிடும். மாம்பழக் காலம் என்பதால், நன்றாகப் பழுத்ததை மெல்லிசாகச் சீவிச் சுற்றி ஒரு பூவாக அடுக்கினேன். என் கைக்கு அது ஒன்றுதான் ஆறுதல். நுங்கை முழுசாக வைக்க ஆசைப்பட்டேன், வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும் என்று மகள் தடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. முந்திரி, திராட்சை, செர்ரி, வெள்ளி உருண்டை, கடல்பாசித் துண்டுகள் என்று நாங்கள் கடையில் தூவுகிற எதுவும் இந்தக் கேக்கின்மேல் கூடாது. பல்குச்சியில் கொடி செருகுவதும் வேண்டாம்.

முட்டை, கோதுமை, பால், இவை ஒவ்வொன்றையும் குழந்தை முன்பே தனித்தனியாகச் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் நாள் பிறந்தநாள் அல்ல. வீடு நிறைய ஆள் இருக்கும்போது உடம்பில் தடிப்பு வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

விருந்தாளிகளுக்கு இதை அறுத்துக் கொடுக்க நினைக்காதீர்கள். தெருப் பிள்ளைகள் க்ரீம் ரோஜாவுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்காக நான் பழகிக்கொடுத்த பையன் ஒருவனிடம் இரண்டு கிலோ கேக் சொல்லி வாங்கினோம். பாப்பாவின் கேக் அவளுக்கு முன்னால், தனித் தட்டில். மெழுகுவர்த்தி ஏற்றியது பெரிய கேக்கில்.

அவள் முதலில் இரண்டு கையையும் உள்ளே விட்டாள். மாம்பழப் பூவைப் பிய்த்தாள். ஒரு வாய் தின்றாள், இரண்டாவது வாயை என் சட்டைப் பைக்குள் போட்டாள், பிறகு தூங்கிவிட்டாள். இவ்வளவுதான் சாப்பிடுவார்கள், அதற்காக மனம் தளர வேண்டாம். இரண்டு விரல் அகலத் துண்டு அந்த வயதுக்குத் தாராளம்.

சீனி இல்லாத கேக் சீக்கிரம் கெடும். எங்கள் ஊர் வெக்கையில் காலையில் செய்தால் மாலைக்குள் முடிக்க வேண்டும். பூசாத மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் ஒரு நாள் நிற்கும். மறுநாள் காலையில் அதை விரல் நீளத்துக்கு அறுத்து, தோசைக்கல்லில் துளி நெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டிக் கொடுத்தேன். முந்தின நாள் யாருக்கும் காட்டாத அக்கறையோடு அவள் ஒன்றரைத் துண்டு தின்றாள். மீதி அரைத் துண்டை என் மனைவி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில் கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்" என்றாள்.